அனுமதி எல்லாம் சரியாக இருந்தது, ஆறுதான் இல்லை

வாசகர் கேள்வி பதில்

(தனியார் ஆய்வகம் ஒன்றில் தண்ணீர், காற்று மாதிரி எடுக்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்று, இப்போது ஈரோட்டில் வசிக்கும் வேதியியலர் பதில் சொல்கிறார். இந்த முறை சுற்றுச்சூழல் அனுமதி பற்றிய கேள்விகள்.)

எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலை வருகிறது. கருத்துக் கேட்புக் கூட்டம் என்று நாளிதழில் விளம்பரம் வந்துவிட்டது. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை பல நூறு பக்கம், அத்தனையும் ஆங்கிலம். அதில் எதைப் படிப்பது, கூட்டத்தில் எதைக் கேட்பது?
– பள்ளி ஆசிரியை, பொன்னேரி

டீச்சர், முதலில் தமிழ்ச் சுருக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். 2006 செப்டம்பர் 14ஆம் தேதி வந்த மத்திய அரசு அறிவிக்கைப்படி, சுருக்கத்தை உள்ளூர் மொழியிலும் தந்தாக வேண்டும். கலெக்டர் அலுவலகம், மாவட்டத் தொழில் மையம், உள்ளாட்சி அலுவலகம் ஆகிய இடங்களில் முழு அறிக்கையும் பார்வைக்கு இருக்க வேண்டும். விளம்பரத்துக்கும் கூட்டத்துக்கும் நடுவே குறைந்தது 30 நாள் இருக்க வேண்டும். முதல் வேலையாக அந்தத் தேதிகளை எண்ணிப் பாருங்கள்.

அடுத்து, அறிக்கையை முதல் பக்கத்திலிருந்து படிக்காதீர்கள். முதல் அத்தியாயங்களில் கம்பெனியின் பெருமையும் நாட்டுக்கு இந்தத் தொழில் எவ்வளவு அவசியம் என்பதும்தான் இருக்கும். நேராக, இடத்தின் இன்றைய நிலையைச் சொல்லும் அத்தியாயத்துக்குப் போய்விடுங்கள். காற்றில் தூசு எவ்வளவு, கிணற்றுத் தண்ணீரில் உப்பு எவ்வளவு, என்னென்ன மரம், என்னென்ன பறவை என்று அட்டவணை அட்டவணையாக இருக்கும். நான் சம்பளம் வாங்கியதே இந்த அத்தியாயத்துக்காகத்தான்.

அங்கே பார்க்க வேண்டியது இரண்டு. ஒன்று, எந்த மாதங்களில் அளந்தார்கள். பெரும்பாலான திட்டங்களுக்கு ஒரே ஒரு பருவத்தில் அளந்தால் போதும், மழைக்காலம் நீங்கலாக. உங்கள் பக்கத்தில் இதற்கு என்ன அர்த்தம் என்று யோசித்துப் பாருங்கள். மார்ச்சிலிருந்து மே வரை அளந்தால் கொசஸ்தலையாறும் ஆரணியாறும் சாதுவாகக் கிடக்கும். வடகிழக்குப் பருவமழையில் வெள்ளம் எங்கே தேங்குகிறது, எந்த வழியாக முகத்துவாரத்துக்குப் போகிறது என்பது அறிக்கைக்குள் வராது. பழவேற்காடு ஏரிக்குக் குளிர்காலத்தில் வரும் பறவைகளில் பெரும்பாலானவை அதற்குள் கிளம்பியிருக்கும். பட்டியலில் காக்கையும் மைனாவும் கொக்கும் இருக்கும். அந்தப் பட்டியலில் பொய் எதுவும் இருக்காது. மே மாதத்தில் போனால் அவைதான் கண்ணில் படும்.

இரண்டு, எங்கே அளந்தார்கள். திட்ட இடத்தைச் சுற்றி 10 கிலோமீட்டர் வட்டம் போட்டு, மாதிரி எடுத்த இடங்களைப் புள்ளி வைத்துக் காட்டியிருப்பார்கள். உங்கள் ஊர் அந்தப் படத்தில் இருக்கிறதா? காற்று எந்தப் பக்கம் வீசுகிறதோ அந்தப் பக்கம் கருவி வைத்தார்களா? வேலையில் இருந்தபோது ஒரு கம்பெனி அதிகாரி எங்களிடம் வந்து, காற்றுக் கருவியை ஊருக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் வைக்கச் சொன்னார். "அங்கே கரண்ட் நல்லா வரும் சார்" என்றார். கரண்ட் நன்றாகத்தான் வந்தது. காற்றும் நன்றாகத்தான் வந்தது, கடலிலிருந்து சுத்தமாக.

அறிக்கை எழுதும் ஆலோசகருக்குப் பணம் தருவது திட்டத்தைக் கொண்டுவரும் கம்பெனியேதான் என்பதை மறந்துவிடாதீர்கள். ஆலோசகர்களுக்கு இப்போது அங்கீகாரம் கட்டாயம். அது வருவதற்கு முன்பு மகாராஷ்டிரத்தின் ரத்னகிரியில் ஒரு பாக்சைட் சுரங்கத்துக்கு எழுதிய அறிக்கையில், ரஷ்யாவில் உள்ள ஒரு சுரங்கத்தின் அறிக்கையிலிருந்து பத்தி பத்தியாக எடுத்துப் போட்டிருந்தது அம்பலமானது. கொங்கணக் கடற்கரைக்கு ரஷ்யக் காட்டு மரங்கள்! அங்கீகாரம் வந்த பிறகு இவ்வளவு பச்சையாக யாரும் செய்வதில்லை. ஆனால் சம்பளம் கொடுக்கும் கை மாறவில்லை.

இனி கூட்டம். அது வாக்கெடுப்பு இல்லை. இத்தனை பேர் வர வேண்டும் என்ற கணக்கும் இல்லை. ஆயிரம் பேர் எதிர்த்துக் கத்தினாலும் "மக்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர்" என்று ஒரே வரியில் முடிந்துவிடும். "இத்தனையாம் பக்கத்தில் இந்த ஓடையைத் தரிசு நிலம் என்று எழுதியிருக்கிறீர்கள், இதோ கிராம வரைபடம்" என்று ஒருவர் நிதானமாகச் சொன்னால் அதற்குக் கம்பெனி பதில் எழுதியாக வேண்டும். இறுதி அறிக்கையில் அந்தப் பதில் இருக்க வேண்டும். பேசுவதை எழுதியும் கொடுங்கள், நகலில் முத்திரை வாங்குங்கள். முடிவில் கூட்ட நடவடிக்கைகளைத் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும் என்பது விதி. அதற்குள் முக்கால்வாசிப் பேர் கிளம்பிவிடுவார்கள். நீங்கள் கிளம்பாதீர்கள்.

எங்கள் பக்கம் எண்ணெய் எடுக்க ஆய்வுக் கிணறு தோண்ட அனுமதி கேட்கிறார்கள் என்று கேள்விப்பட்டோம். கருத்துக் கேட்பே நடக்கவில்லை. இது சட்டவிரோதம்தானே?
– விவசாயி, திருவாரூர் மாவட்டம்

அப்படிச் சொல்ல முடியாதபடி செய்துவிட்டார்கள் ஐயா. 2020 ஜனவரி 16 அன்று வந்த ஒரு திருத்தம் எண்ணெய், எரிவாயு ஆய்வுப் பணிகளை 'ஏ' பிரிவிலிருந்து 'பி2' பிரிவுக்கு மாற்றியது. பி2 என்றால் தாக்க மதிப்பீடும் இல்லை, கருத்துக் கேட்பும் இல்லை. ஆய்வு முடிந்து உற்பத்திக்கு வந்தால் மட்டும் பழைய நடைமுறை. அதே ஆண்டு பிப்ரவரியில் தமிழக அரசு டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவித்துச் சட்டம் கொண்டுவந்தது. ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த பணிகளை அது தொடவில்லை. புதிதாக வருவதை எதிர்க்க உங்களுக்கு அந்தச் சட்டம்தான் கைப்பிடி.

ஒவ்வொரு தொழிற்சாலையும் அனுமதி வாங்கித்தான் நடக்கிறது என்கிறார்கள். அப்படியானால் நொய்யல் எப்படிச் செத்தது?
– கல்லூரி மாணவர், திருப்பூர்

தம்பி, இந்த ஒரு கேள்விக்காகத்தான் இந்த மாதப் பகுதியையே ஒதுக்கினேன்.

வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர் வழியாகக் கரூர் மாவட்டத்தில் காவிரியோடு சேர்வது நொய்யல். ஆண்டு முழுக்க ஓடும் ஆறு இல்லை, மழை பெய்தால் ஓடும். பனியன் துணிக்குச் சாயம் ஏற்ற உப்பு வேண்டும். பருத்தி நூலில் சாயம் பிடிக்க உப்பு உதவுகிறது, ஆனால் அது துணியில் தங்குவதில்லை. போட்ட உப்பு அத்தனையும் கழிவுநீரோடு வெளியே வந்துவிடும்.

இப்போது விதியைப் பார். கரைந்திருக்கும் உப்புகள் ஒரு லிட்டருக்கு 2,100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது அளவு. ஒரு பட்டறை இந்த அளவை ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறது என்றே வைத்துக்கொள். அந்த முதலாளி யோக்கியர். அவரைப் போலவே எல்லோரும் யோக்கியர்கள். எல்லாப் பட்டறைகளும் சேர்ந்து ஒரு நாளைக்கு ஒரு கோடி லிட்டர் விட்டால் 21 டன் உப்பு. பத்துக் கோடி லிட்டர் விட்டால் 210 டன். ஒரே நாளில்! யாரும் விதியை மீறவில்லை, ஆறு உப்பாகிவிட்டது. குழம்பு வைக்கும்போது வீட்டில் இருக்கும் ஆளுக்கு ஒரு கரண்டி உப்பு போட்டால் என்ன ஆகுமோ, அதுதான். உண்மையில் நடந்தது இதைவிட மோசம், ஏனென்றால் எல்லோரும் யோக்கியர்களாக இல்லை.

விதி பார்ப்பது ஒரு லிட்டருக்குள் எவ்வளவு என்பதை. ஆறு பார்ப்பது மொத்தம் எவ்வளவு என்பதை. இந்த மொத்தக் கணக்கைப் போட வேண்டியது யார் என்று எந்தக் காகிதத்திலும் இல்லை. சாயப்பட்டறைக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை போதும். தாக்க மதிப்பீட்டுப் பட்டியலிலேயே அது வராது. பட்டறை ஒவ்வொன்றும் சிறியது. நூற்றுக்கணக்கான சிறியவை சேர்ந்தால் பெரியது என்பதைப் பட்டியல் அறியாது.

1992இல் ஒரத்துப்பாளையம் அணை திறந்தார்கள். பாசனத்துக்காகக் கட்டியது. அதில் வந்து தேங்கியது சாயக்கழிவு. அணை கட்டிக் கொடுங்கள் என்றுதான் விவசாயிகள் மனுக் கொடுப்பார்கள். அணையைத் திறக்காதீர்கள், எங்கள் வயலுக்கு அந்தத் தண்ணீர் வேண்டாம் என்று விவசாயிகள் போராடியதை நான் இந்த ஒரு அணைக்குத்தான் பார்த்திருக்கிறேன். ஆயக்கட்டுக்காரர்கள் நீதிமன்றம் போனார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய்வந்தது. கடைசியில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம், ஒரு சொட்டுக் கழிவுகூட வெளியே விடாத நிலை வரும்வரை பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடச் சொன்னது.

திருப்பூர் அழிந்தது என்று அன்றைக்குப் பேசாத ஆள் இல்லை. பேருந்து நிலையத்தில் மூட்டை முடிச்சோடு தொழிலாளர்கள் ஊர் திரும்பியதும் உண்மை. ஆனால் ஊர் அழியவில்லை. சவ்வு வைத்து வடிகட்டி, மிச்சத்தைக் காய்ச்சி, தண்ணீரையும் உப்பில் ஒரு பகுதியையும் திரும்பப் பயன்படுத்தக் கற்றுக்கொண்டார்கள். இன்றைக்குத் திருப்பூரின் ஏற்றுமதி அன்றைக்கு இருந்ததைவிட மிக அதிகம். எல்லை போட்டால் தொழில் செத்துவிடும் என்று யாராவது சொன்னால் இந்த ஊரைக் காட்டு.

அதோடு நிறுத்தினால் நான் உனக்குக் கதை சொன்னதாக ஆகிவிடும். தண்ணீரைக் காய்ச்ச எரிபொருள் வேண்டும், சவ்வு வழியாகத் தள்ள மின்சாரம் வேண்டும். பிரிக்க முடியாத கலப்பு உப்பும் கசடும் சுத்திகரிப்பு நிலையங்களில் மூட்டை மூட்டையாகச் சேர்ந்தன. செலவு தாங்காத சிறிய பட்டறைகள் மூடின, சில வேறு மாவட்டத்துக்குப் போய்த் திருட்டுத்தனமாக நடந்தன. ஆற்றில் போன உப்பு இப்போது கொட்டகையில் இருக்கிறது. முன்பைவிட நல்லது, சந்தேகமில்லை. ஆனாலும் அது இருக்கிறது.

நான் சொல்ல வருவது இதுதான். தாக்க மதிப்பீடு என்பது ஒவ்வொரு திட்டத்தையும் தனித்தனியாகக் கூப்பிட்டு, "உன்னால் வரும் கெடுதலை எப்படிக் குறைப்பாய்?" என்று கேட்கிறது. இந்த ஆறு, இந்த மலை, இந்தக் கழிமுகம் மொத்தத்தில் எவ்வளவு தாங்கும் என்பதை முதலில் கணக்கிட்டு, மீதி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அனுமதி கொடுப்பதில்லை. எண்ணூரைப் பார். அனல் மின்நிலையம், அதற்குப் பிறகு இன்னொன்று, துறைமுகம், அதற்குப் பக்கத்தில் இன்னொரு துறைமுகம், நடுவில் சாம்பல் குளம். ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கோப்பு. கழிமுகம் மட்டும் ஒன்றே ஒன்று. அறிக்கைகளில் 'ஒட்டுமொத்தத் தாக்கம்' என்று ஒரு தலைப்பு இருக்கும். அதன் கீழ் எத்தனை பக்கம் இருக்கிறது என்று நீயே போய்ப் பார்.

வளர்ச்சிக்கு எல்லை வேண்டும் என்பதெல்லாம் வயிறு நிரம்பிய வெள்ளைக்காரன் பேச்சு. நாம் இன்னும் வளரவே இல்லையே, அதற்குள் என்ன எல்லை?
– சிறுதொழில் நடத்துபவர், மதுரை

உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் வெள்ளைக்காரன் பேச்சு என்பதை மட்டும் திருத்திக்கொள்ளுங்கள். ரோம் கிளப் என்ற சர்வதேச அறிஞர் குழுவுக்காக எழுதப்பட்ட 'வளர்ச்சியின் எல்லைகள்' அறிக்கை வந்தது 1972இல். அதற்கு 27 ஆண்டு முன்னால், 1945இல், தஞ்சாவூரில் பிறந்த காந்தியப் பொருளாதார அறிஞர் ஜே.சி. குமரப்பா ஜபல்பூர் சிறையில் உட்கார்ந்து இதே விஷயத்தை எழுதிவிட்டார். நிலக்கரி, எண்ணெய், கனிமம் ஆகியவை தேக்கி வைத்த சரக்கு, எடுக்க எடுக்கக் குறையும். காடு, விளைச்சல் போன்றவை ஓடிவரும் வரவு, வரவுக்குள் வாழ்ந்தால் நிலைக்கும் என்று இரண்டாகப் பிரித்தார். கடைசிக் காலத்தில் அவர் இருந்தது உங்கள் மாவட்டத்துக் கல்லுப்பட்டியில்தான்.

சரி, கணக்குக்கு வருவோம். ஆண்டுக்கு 7 சதவீதம் வளர்ந்தால் 10 ஆண்டில் இரட்டிப்பு. அதே வேகம் தொடர்ந்தால் 100 ஆண்டில் கிட்டத்தட்ட ஆயிரம் மடங்கு. ரூபாயில் ஆயிரம் மடங்கு ஆவது சாத்தியம்தான், நீங்கள் செய்யும் பொருளின் தரமும் மதிப்பும் கூடலாம். மணலில், கல்லில், தண்ணீரில் ஆயிரம் மடங்குக்கு எங்கே போவது? ஆற்று மணல் போய் எம்-சாண்ட் வந்தது, இப்போது குன்றுகள் குறைகின்றன. 2012இல் உச்ச நீதிமன்றம் 5 ஹெக்டேருக்குக் கீழான கல், மணல் குவாரிக்கும் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்று சொன்னதே, பெரிய குவாரியைச் சின்னச் சின்னக் குத்தகையாகத் துண்டு போட்டு நழுவியதைப் பார்த்த பிறகுதான்.

வீடு இல்லாதவனுக்கு வீடு கட்டக் கல் எடுக்கத்தான் வேண்டும். அதை நான் எதிர்த்தால் என்னைத் திட்டுங்கள். கல் அளவானது என்பதால்தான் அது முதலில் யாருக்கு என்ற கேள்வி வருகிறது. அளவே இல்லை என்று நடிக்கும்வரை, பணம் வைத்திருப்பவன் முதலில் எடுத்துக்கொண்டு போய்விடுவான். நம் ஊரில் நடப்பது அதுதானே?

இ-பாஸ் கொண்டுவந்து எங்கள் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டார்கள். இந்த எண்ணிக்கை எல்லாம் யார் தீர்மானிப்பது?
– தங்கும் விடுதி நடத்துபவர், கொடைக்கானல்

சென்னை உயர் நீதிமன்றம். 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. 2025 சீசனுக்கு எண்ணிக்கையே வைத்தார்கள்: நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000, உங்கள் ஊருக்கு 4,000, 6,000. மலை எவ்வளவு தாங்கும் என்று ஆராயும் வேலை சென்னை ஐஐடிக்கும் பெங்களூரு ஐஐஎம்முக்கும் போனது.

உங்களுக்குக் கசக்கும், ஆனாலும் சொல்கிறேன். ஒரு இடத்துக்கு இவ்வளவுதான் என்று எண்ணைச் சொன்ன அரிய சந்தர்ப்பம் இது. மேலே திருப்பூர்த் தம்பிக்கு எந்தக் கணக்கு இல்லை என்று சொன்னேனோ, அது இங்கே அரைகுறையாகவேனும் நடந்திருக்கிறது. மத்திய அரசு அமைத்த மாதவ் காட்கில் குழு 2011இல் மேற்குத் தொடர்ச்சி மலைக்கு இப்படித்தான் பகுதி பகுதியாக எல்லை வகுத்துக் கொடுக்கச் சொன்னது. கேரளத்தில் அதைப் படிக்கும் முன்பே எதிர்த்தவர்கள் உண்டு. 2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலை மண்ணோடு போனது.

உங்கள் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. வண்டியை எண்ணுகிறார்கள், அறைகளை எண்ணவில்லை. சரிவில் நான்கு மாடி எழுப்பியவரும், ஓட்டு வீட்டில் இரண்டு அறை வாடகைக்கு விடுபவரும் ஒரே இ-பாஸுக்குக் கீழே வருகிறார்கள். டேங்கர் தண்ணீர் எத்தனை, குப்பை எத்தனை டன், செப்டிக் கழிவு எங்கே போகிறது என்பவை அந்த எண்ணுக்குள் இல்லை. இ-பாஸை எடுக்கச் சொல்லி மனுப் போடுவதை விட்டுவிட்டு, அறைக்கும் தண்ணீருக்கும் கணக்கு எடுக்கச் சொல்லி மனுப் போடுங்கள். அந்தக் கணக்கில் உங்களைப் போன்ற சிறியவர்கள் ஜெயிக்க வாய்ப்பு அதிகம்.

முதலில் கட்டிவிட்டு, பிறகு சுற்றுச்சூழல் அனுமதி வாங்கலாமா? நீதிமன்றம் தடை செய்ததாகவும் இல்லை என்றும் மாறி மாறிப் படிக்கிறேன்.
– சட்ட மாணவி, சென்னை

இரண்டும் சரி. 2025 மே 16 அன்று உச்ச நீதிமன்றம், பின்தேதியிட்ட அனுமதிக்கு வழிவிட்ட 2017 அறிவிக்கையையும் 2021 உத்தரவையும் ரத்து செய்தது. அதே ஆண்டு நவம்பர் 18 அன்று மூன்று நீதிபதிகளில் இருவர் அந்தத் தீர்ப்பைத் திரும்பப் பெற்றார்கள். கட்டி முடித்தவற்றை இடித்தால் பொதுப்பணம் வீணாகும் என்பது அவர்கள் வாதம். மே மாத அமர்வில் இருந்த நீதிபதி புயான் மட்டும் மறுத்துத் தனியாக எழுதினார். அவருடைய பகுதியை அவசியம் படியுங்கள்.

பெரும்பான்மையின் வாதம் எனக்கு ஒப்பவில்லை. கட்டிய பிறகு போய் அளந்தால், கட்டுவதற்கு முன் அங்கே என்ன இருந்தது என்பதை எந்தக் கருவியாலும் அளக்க முடியாது. குட்டையை மூடிய பிறகு குட்டைத் தண்ணீரில் மாதிரி எடுக்கச் சொன்னால் நான் பாட்டிலை எங்கே முக்குவது?

நீங்கள் நாளைக்கு வக்கீலாக வரப் போகிறவர், அதனால் ஒரு நடைமுறை விஷயம். அனுமதியை எதிர்த்துப் பசுமைத் தீர்ப்பாயம் போக 30 நாள் கெடு. தக்க காரணம் காட்டினால் இன்னும் 60 நாள். அதற்கு மேல் ஒரு நாள் தாண்டினாலும் உள்ளே விடமாட்டார்கள். அனுமதி உத்தரவுகள் மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் ஏறுகின்றன. பொன்னேரி டீச்சர் மாதிரி ஆட்களுக்கு உத்தரவு வந்ததே மூன்று மாதம் கழித்துத்தான் தெரியவரும். உங்கள் கல்லூரியில் நாலு பேர் சேர்ந்து வாரம் ஒரு முறை அந்தத் தளத்தைப் பார்த்து, எந்த ஊருக்கு என்ன வந்திருக்கிறது என்று அந்தந்த ஊர்க்காரர்களுக்குத் தமிழில் எழுதிப் போடுங்களேன். முடிந்தால் முதல் பட்டியலை எனக்கும் அனுப்புங்கள், அடுத்த மாதப் பகுதியில் போடுகிறேன்.